கராஜ் நிலத்துக்கு எந்தக் கம்பி?

யாழ்ப்பாணத்தில் கார் விடும் இடத்துக்குக் கொங்கிறீட் போடத் தொடங்கினால், வீட்டுக்காரர் மேசனிடம் முதலில் கேட்பது கம்பியின் தடிப்பைத்தான். பத்தா, பன்னிரண்டா என்று பேச்சு நீளும். அந்தக் கணக்கு மேல்மாடித் தட்டுக்கு உரியது. மண்ணில் படுத்திருக்கும் நாலு அங்குலத் தளத்துக்குக் காரின் பாரம் பெரிதல்ல. அடிமண்ணை நன்றாக இடித்து இறுக்கியிருந்தால் போதும்.

வெடிப்பு வருவது கொங்கிறீட் காயும்போது சுருங்குவதால். அழுத்தத்தைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய பத்திலொரு பங்குதான் இழுவையைத் தாங்க அதற்கு உண்டு. கம்பி போட்டாலும் வெடிக்கும்; ஆனால் வெடிப்பு வாய் பிளக்காது. இந்த வேலைக்கு 6 மில்லிமீற்றர் கம்பிகளை 200 மில்லிமீற்றர் இடைவெளியில் பற்றவைத்த பி.ஆர்.சி. வலை தாராளம். கடையில் ஏ142 என்று கேட்க வேண்டும்.

வலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் காசு வீணாகிறது. பொலித்தீனில் வலையை விரித்து, கலவையைக் கொட்டி, கொக்கியால் தூக்கிவிடுவார்கள். அடுத்த தாச்சியோடு வருகிறவர் அதிலேயே மிதித்துப் போவார். வலை திரும்ப அடிக்குப் போய்விடும். அங்கே கிடந்தால் போட்டதும் போடாததும் ஒன்றே. மேற்பரப்புத்தான் முதலில் காய்ந்து சுருங்குகிறது, ஆகவே வலை மேற்பாதியில் இருக்க வேண்டும். இரண்டு அங்குலச் சீமெந்துக் கட்டைகளை நெருக்கமாக வைத்து அவற்றின் மேல் கட்டினால், மேலே ஒன்றரை அங்குல மூடல் கிடைக்கும்.

அந்த மூடலில் கஞ்சத்தனம் கூடாது, ஏனென்றால் நம் குடாநாட்டில் உப்பு எங்கும் இருக்கிறது. கொங்கிறீட்டின் காரத்தன்மை இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அதைத் துளைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துத் தளத்தை உள்ளிருந்து பிளக்கும். வற்றாத ஆறில்லாத ஊரில் கலவைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். தேத்தண்ணி வைக்க உதவாத உவர்நீரைக் கம்பி போட்ட கலவைக்கும் எடுக்காதீர்கள். கழுவாத கடற்கரை மணலும் வேண்டாம். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் கடலை ஒட்டிக் கட்டுகிறவர்கள் தளத்தை ஐந்து அங்குலமாக்கி, மூடலை இரண்டாக்குவது நல்லது.

துருப்பிடிக்காத பொலிபுறொப்பிலீன் நாரும் இப்போது பாவனையில் உண்டு. சோளக வெயிலில் முதல் சில மணித்தியாலங்களில் வரும் மயிர்வெடிப்பை அது குறைக்கும். ஆனால் அந்த மெல்லிய நார் வலைக்கு ஈடாகாது.

பத்தடிக்கு இருபதடித் தளமென்றால் மறுநாளே நடுவில் குறுக்காக ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். சுருக்கம் அந்தக் கோட்டில் வெடிக்கும். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு.