செல்லின் புளிப்பை அளக்கும் பொன்துகள்

ஆரத்தித் தட்டில் கரைத்த மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் அது சிவந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமிலமா காரமா என்பதை நிறத்தால் சொல்லும் வித்தை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதே கேள்வியை உயிருள்ள ஒரு செல்லுக்குள் கேட்பதுதான் கடினம். செல் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. அதற்குள்ளும் அமிலத்தன்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. பொதுவான உட்திரவத்தில் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் 7.2-க்கு அருகில் இருக்கும். கழிவைச் செரிக்கும் லைசோசோம் என்ற நுண்பைக்குள் 4.5 முதல் 5 வரைதான். பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், அந்தப் பை தன் சுற்றுப்புறத்தைவிடச் சில நூறு மடங்கு புளிப்பானது. செல் முழுவதற்கும் ஒரே சராசரி எண்ணைச் சொன்னால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இந்த அளவீட்டுக்கு வழி காட்டியவர்களில் இருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் கண்டது இது: மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்புகிறது, அந்த மாற்றம் மூலக்கூறின் கைரேகை போன்றது. ஆனால் அந்தப் பங்கு ஏறக்குறைய கோடியில் ஒன்று. செல்லுக்குள் இருக்கும் சொற்ப மூலக்கூறுகளிலிருந்து அதைப் பிடிப்பது நடக்காத காரியமாகவே இருந்தது. 1974-இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறின் ராமன் சிதறல் மிக வலுவாகப் பதிவானது. பரப்பின்மேல் ஒளி எழுப்பும் மின்புலமே அதற்கு முக்கியக் காரணம். தங்கம், வெள்ளி நானோ துகள்களிலும் இது நடக்கிறது. சிதறல் லட்சக்கணக்கான மடங்கு பெருகுகிறது. அப்படிப்பட்ட துகளில் மெர்காப்டோபென்சாயிக் அமிலம் என்ற மூலக்கூறைப் பூசுகிறார்கள். அமிலச் சூழலில் அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது, காரச் சூழலில் விட்டுவிடுகிறது. பிடித்த நிலைக்கு ஒரு ராமன் கோடு, விட்ட நிலைக்கு வேறொரு கோடு. இரண்டின் விகிதம்தான் அளவை. 2004-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் வெள்ளித் துகள்களைக் கொண்டு உயிருள்ள செல்லுக்குள் இதைச் செய்து காட்டினர். 2007-இல் ஆய்வாளர் ஜனினா நைப்பின் குழுவினர் தங்கத் துகள்களால் செய்தனர்.

ஒளிரும் சாயங்கள் இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரில் இருந்தபோது 2009-இல் டி.என்.ஏ. இழைகளையே மடித்து, செல்லுக்குள் பி.எச். காட்டும் ஒளிரும் கருவியாக்கினார். அதுவும் விகிதத்தால்தான் அளக்கிறது. படம் எடுக்கும் வேகத்தில் ராமன் முறை அதன் அருகே வர முடியாது. ஆனாலும் சாயம் ஒளிபட்டு ஒளிபட்டு மங்கும். துகளின்மேல் உள்ள மூலக்கூறு அப்படி எளிதில் மங்குவதில்லை. ஒரே செல்லைப் பல மணி நேரம் கவனிக்கலாம். ராமன் கோடுகள் மிகக் குறுகியவை என்பதால் பி.எச்.ஐயும் வேறு மூலக்கூறுகளையும் ஒரே சமயத்தில் பிரித்தறியலாம். செல் தானாக உமிழும் ஒளியும் அண்மை அகச்சிவப்பு லேசரில் குறைந்துவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. செல் விழுங்கும் துகள்கள் பெரும்பாலும் உட்திரவத்தை எட்டுவதில்லை. எண்டோசோம் பைகளில் சிக்கி, கடைசியில் லைசோசோமில் போய்ச் சேருகின்றன. அப்படியானால் நாம் அளப்பது செல்லின் பி.எச். ஆகாதே? ஆகாதுதான், அதை ஒளிக்கக் கூடாது. ஆனால் என் பார்வையில் இந்தக் குறையே முறையின் பெரிய பலம், ஏனென்றால் மருத்துவத்துக்கு அதிகம் தேவைப்படும் எண் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் வலுக்குறைந்த காரங்கள்; புளிப்பான லைசோசோமுக்குள் நுழைந்ததும் புரோட்டானை ஏற்று வெளியேற முடியாமல் அங்கேயே அடைபடுகின்றன, வேலை செய்ய வேண்டிய செல் கருவை எட்டுவது குறைகிறது. மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் அந்தப் பையின் புளிப்பையே குறைக்கிறது. மருந்து போட்டபின் அந்தப் பை எப்படி மாறுகிறது என்பதை அதற்குள்ளேயே உட்கார்ந்து சொல்லும் சாட்சி வேண்டும். துகள் தானாகவே அங்கே போய் உட்காருகிறது.

ஆனால் அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? விகிதத்தை பி.எச். எண்ணாக மாற்றக் கண்ணாடிக் குடுவையில் வரைந்த அளவுக்கோடு செல்லுக்குள் அப்படியே பொருந்தாது. துகளின்மேல் புரதங்கள் படிகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் மின்புலமும் மாறுகிறது. வெள்ளி செல்லுக்கு நஞ்சாகலாம். அதனாலேயே தங்கத்தை விரும்புகிறார்கள். ஆகவே இந்த வேலையை இயற்பியலாளரிடம் மட்டும் விட முடியாது. செங்கல்பட்டு மாவட்டம் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்தில் நானோ தொழில்நுட்பத் துறையும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அதே மாவட்டத்தின் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு ராமன் நிறமாலையியலில் நீண்ட அனுபவம் உண்டு. துகள் செய்பவரும் செல் வளர்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று: செல்லுக்குள்ளேயே அளவுக்கோடு வரைவது. நைஜெரிசின் என்ற பொருளைப் பொட்டாசியம் மிகுந்த கரைசலோடு சேர்த்தால் செல்லின் உட்புற பி.எச். வெளிக்கரைசலின் பி.எச்.ஐ நெருங்கிவிடும். வெளியே 5, 6, 7 என்று மாற்றி மாற்றி வைத்து, உள்ளிருக்கும் துகள் ஒவ்வொன்றுக்கும் என்ன விகிதம் காட்டுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும்.