மானிங் அறியாத முதலிடம்

அமெரிக்காவின் நேஷனல் லீக் பேஸ்பால் 1876-ல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் பாஸ்டன் அணியின் ஜாக் மானிங் 5 'சேவ்' எடுத்து முதலிடம் பிடித்தார் என்கின்றன இன்றைய பதிவேடுகள். அணி முன்னிலையில் இருக்கையில் இன்னொருவருக்குப் பதிலாகப் பந்துவீச வந்து, அந்த முன்னிலையைக் கடைசிவரை காப்பதுதான் 'சேவ்'. மானிங் 1929-ல் இறந்தார். 'சேவ்' அதிகாரபூர்வக் கணக்கானதோ 1969-ல்!

வெறும் ஐந்துதானா என்று தோன்றும். அன்றைய விதிப்படி, காயம் பட்டாலோ எதிரணி சம்மதித்தாலோதான் வெளியிலிருந்து மாற்று ஆள் வர முடியும். வீச்சாளர் களைத்துப்போனால், களத்தில் நிற்கும் இன்னொருவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வலப்பக்க வெளிக்களத்தில் நிற்கும் மானிங் உள்ளே வருவது அப்படித்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன புதுமை? பாஸ்டன் மேலாளர் ஹாரி ரைட்டுக்கும் இருந்திருக்காது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், தொழில்முறை கிரிக்கெட் ஆட்டக்காரரின் மகன். முன்பு சின்சினாட்டி அணியில் ஏசா பிரைனார்டின் வேகத்துக்கு மட்டையாளர்கள் பழகிய நேரம் பார்த்து, தானே வந்து மெதுவான பந்துகளைப் போடுவார். மட்டை சுழற்றுவது முழுக்க நேரக்கணக்கு. உடல் ஒரு வேகத்துக்குப் பழகிவிட்டால், பந்து சற்றுத் தாமதித்தாலும் மட்டை முன்னதாகவே காற்றை வெட்டிவிடும். இன்றும் வீச்சாளரை மாற்றுவதில் பாதி சூட்சுமம் இதுதான்.

1891-ல் மாற்று ஆட்டக்காரர்களுக்கான தடை நீங்கியது. ஆனாலும் தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்ற கௌரவம் லேசில் போகவில்லை. நெருக்கடி வந்தால், மேலாளர்கள் தங்கள் தலைசிறந்த தொடக்க வீச்சாளரையே மறுபடி அழைத்தார்கள். பேஸ்பாலில் அணியின் வெற்றி ஒரு வீச்சாளரின் பெயரில் பதிவாகும்; 1908-ல் சிகாகோவின் எட் வால்ஷ் அப்படி 40 வெற்றிகளும் எடுத்தார். 6 சேவும் எடுத்தார். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் விரல் இழந்த மார்டெகாய் பிரவுன் 1911-ல் 13 எடுத்தார். வாஷிங்டனின் ஃபிர்போ மார்பெரி 1924-ல் 15 எடுத்து அதைத் தாண்டினார். இடையில் வந்து காப்பாற்றுவதையே முக்கிய வேலையாகக் கொண்ட முதல் பெரிய வீச்சாளர் என்று அவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

'சேவ்' என்ற கணக்கு பிறந்தது ஒரு எரிச்சலில். 1959-ல் பிட்ஸ்பர்க்கின் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்று கொண்டாடப்பட்டார். அவற்றில் சில, அவரே முன்னிலையைக் கோட்டைவிட்டு, சக ஆட்டக்காரர்கள் மீட்டுக்கொடுத்தவை என்பதை சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கவனித்தார். முன்னிலையைக் காத்தவருக்கோ எந்தக் கணக்கிலும் இடமில்லை. அதற்காக அவர் வகுத்ததே 'சேவ்'.

அது ஏற்கப்பட்டதும், ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டி முன்னோருக்கும் பங்கு பிரித்தார்கள். முன்னிலை ஒன்றா பத்தா என்று பார்க்கவில்லை; தாராளமான கணக்கு. மானிங்கின் ஐந்தில் எத்தனை உண்மையான நெருக்கடியோ! முதல் அதிகாரபூர்வ சேவ் 1969 ஏப்ரல் 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அணியின் பில் சிங்கருக்குக் கிடைத்தது. அவரும் தொடக்க வீச்சாளர்தான். அந்த ஆண்டு 20 ஆட்டங்கள் வென்றவர்.