டாக்டரின் பதிவு எண்

பெங்களூரில் உள்ள பீன்யா ஒரு பெரிய தொழிற்பேட்டை. அங்கே லேத் பட்டறைகள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள்.

பட்டறைக்கு டர்னர் தேவை என்றால் முதலாளி என்ன செய்வார்? ஐ.டி.ஐ. சான்றிதழைக் கேட்பார். பிறகு ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்துக் கடையச் சொல்வார். அளவு தவறினால் இரும்புதான் வீண்.

டாக்டரை அப்படிச் சோதிக்க முடியுமா? முடியாது. தவறினால் உயிர் போகும். ஆகவே, வேலைக்கு எடுக்கும் முன்பே அவர் படிப்பைச் சரிபார்க்க வேண்டும்.

2025 ஏப்ரலில் ஒருவர் கைதானார். அவர் மத்தியப் பிரதேசத்தில் தமோ என்ற ஊரில், தனியார் மருத்துவமனை ஒன்றில் இதய டாக்டராக இருந்தவர். அவருடைய சான்றிதழ்கள் போலி என்று போலீசார் வழக்குப் போட்டனர். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் இறந்து போனார்கள் என்பது புகார். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் அவரை எடுத்ததாக மருத்துவமனை சொன்னது.

எப்படிச் சரிபார்ப்பது?

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அங்கே அவருக்கு ஒரு பதிவு எண் தருவார்கள். கர்நாடகத்தில் இது கர்நாடக மருத்துவக் கவுன்சிலின் வேலை. நர்சுகளுக்கு நர்சிங் கவுன்சில் உண்டு. மருந்தாளுநர்களுக்குப் பார்மசி கவுன்சில் உண்டு.

சான்றிதழைப் போலியாக அச்சடிக்கலாம். முத்திரையும் செய்யலாம். இன்னொருவர் பதிவு எண்ணைக் கூடத் திருடிப் போடலாம். எனவே தாளைப் பார்த்தால் மட்டும் போதாது. கவுன்சில் பதிவேட்டில் அந்த எண் யாருக்கு உரியது என்று பார்க்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், படித்த இடம், தேறிய ஆண்டு எல்லாம் ஒத்துப் போக வேண்டும்.

யார் பொறுப்பு?

கர்நாடக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம கிளினிக்' திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகள் அங்கே இலவசமாக வைத்தியம் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒப்பந்த முறையிலும் ஆள் எடுப்பது உண்டு. ஒப்பந்தம் ஆனாலும் சரிபார்ப்பு ஒன்றுதான். 'ஏஜென்சி பார்த்திருக்கும்' என்று அலுவலகம் இருந்துவிடக் கூடாது. வேலைக்கு ஆணை கொடுப்பவரே கவுன்சிலிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

டாக்டர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் போட வேண்டும். இது 2002-ஆம் ஆண்டு விதி. அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். எண் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சுகாதார அதிகாரிக்கு எழுதுங்கள். பதிவு இல்லாமல் டாக்டர் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 2019-ஆம் ஆண்டு சட்டம் இப்படிச் சொல்கிறது.

அரசு மருத்துவமனை பற்றியும் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'இந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும்? எடுத்தவர்களின் சான்றிதழைச் சரிபார்த்தீர்களா? எந்தத் தேதியில்?' என்று மனு எழுதுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

கலந்து பேசுங்கள்:

உங்கள் ஊர் டாக்டரின் பதிவு எண் எங்கே எழுதியிருக்கிறது?

உங்கள் சுகாதார நிலையத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள்? அவர்கள் எங்கே பதிவு செய்திருக்க வேண்டும்?