மீன் எண்ணெய்க்குக் கொழுப்புக் கவசம்

கொச்சி மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படி வழியாகப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவை அடையலாம். 1957-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அத்தீவில் அமைந்துள்ளது. மத்தி மீனின் எண்ணெயைப் பொடியாக்கும் வழிகளை இந்நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர்.

எண்ணெயைப் பொடியாக்குவானேன்? மத்தி எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் கண்பார்வைக்கும் இன்றியமையாதவை. ஆனால், அவற்றின் மூலக்கூறுகளைப் பிராணவாயு எளிதில் தாக்குவதால் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடைகிறது. எனவே அதை நுண்ணிய கவசத்துள் அடைத்தல் அவசியமாகிறது. இதுவே நுண்பொதிவு எனப்படும்.

புரதம், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் முதலியவற்றுடன் எண்ணெயை நீரில் குழைத்து, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்துவது வழக்கமான முறை. இதில் எண்ணெய் வெப்பத்திற்கு உள்ளாகிறது. புரதக் கவசமோ நீர்பட்டால் கரையக்கூடியது.

கொழுப்புக் கவசம் நீரில் கரையாது. ஜெர்மனியின் வைட்னர், ஸ்லோவேனியாவின் கினெஸ் முதலியோர் 1990-களில் உருவாக்கிய முறை இதற்குப் பயன்படுகிறது. உருகிய கொழுப்பில், உயர்ந்த அழுத்தத்தில் கரியமிலவாயு கரைக்கப்படுகிறது. இதனால் கொழுப்பு குறைந்த வெப்பத்திலேயே உருகி, இளகி ஓடும். அதனுடன் எண்ணெயைக் கலந்து நுண்துளை வழியே பீச்சினால், அழுத்தம் திடீரெனத் தணிகிறது. சோடாப் புட்டியைத் திறந்தாற்போல வாயு பொங்கி வெளியேறி, திரவத்தைச் சிதறடிக்கிறது. விரியும் வாயு குளிர்வதால் துளிகள் நொடியில் உறைந்து பொடியாகின்றன. சைக்கிள் டியூபிலிருந்து சீறி வரும் காற்று குளிர்ந்திருப்பதைக் காட்டி, ஆசிரியர்கள் இதை விளக்கலாம்.

நீர்க் கரைசல்கள் கொழுப்பினுள் தனித்துளிகளாக நிற்கும். மீன் எண்ணெயோ கொழுப்புடன் கலந்து, அதன் படிகங்களுக்கிடையே தங்கும். அளவு மிகுந்தால் பொடி பிசுபிசுக்கும்.

மற்றொரு இடரும் உண்டு. திடீரென உறைந்த கொழுப்பின் படிகங்கள் நிலையற்றவை. நாளடைவில் அவை நெருங்கி அடுக்குற்று, உள்ளிருக்கும் திரவத்தை வெளியே தள்ளும். வெப்பம் இம்மாறுதலை விரைவுபடுத்தும். ஆகவே இத்தகைய பொடியைக் கையாளும் களப்பணியாளர்கள், தகரக் கூரையின் கீழோ வெயிலிலோ அதை வைத்தலாகாது. காற்றுப் புகாத கலத்தில், குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பொடி கட்டிப்பட்டு மீன் வாடை வீசுமாயின், கவசம் பழுதுற்றதென்று அறிந்து அதை விலக்குதல் நலம். உருகும் நிலை வராமலேயே கொழுப்புக் கவசம் பழுதுபடக்கூடும் என்பதே இங்கு மறக்கலாகாத செய்தியாகும்.