குவைத் வீட்டு வேலை: முதல் சில கிழமைகள்

தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் தாய்மாருக்கும் தங்கச்சிமாருக்கும் சம்பளம், டிக்கட், புறப்படும் திகதி ஆகியவற்றை ஏஜென்சிக்காரர் சொல்லிவிடுவார். போய் இறங்கிய பிறகு முதல் சில கிழமைகள் எப்படிப் போகும் என்று விளக்க ஆளில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்பதால் இங்கே குவைத்தைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

முதலில் தெரிவது வெக்கைதான். லயத்துல போர்வை இல்லாமல் தூங்காத நமக்கு ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே கதவைத் திறந்தாலே அடுப்பு வாயில் நிற்பது போல இருக்கும். 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும். அதனால் தாகம் தெரியாமலே உடம்பில் தண்ணீர் குறையும். தலைவலி, மயக்கம் வரும்முன்பே அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகள் குளிரும். சுவெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு பத்து மணிக்கு வேலை முடித்து நீங்கள் போன் எடுத்தால், இங்கே பன்னிரண்டரை. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். எந்த நேரம் பேசுவது என்று புறப்படுமுன்பே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். முதல் கிழமை அழுகை வரத்தான் செய்யும், அதில் வெட்கம் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "கடன்காரன் வந்துட்டான், சின்னவனுக்குக் காய்ச்சல்" என்று எல்லாவற்றையும் அந்த முதல் கிழமையிலேயே அவள் காதில் கொட்டாதீர்கள்.

பாஷை பயம் எல்லோருக்கும் உண்டு. பத்துச் சொல் தெரிந்தால் ஒரு கிழமையை ஓட்டலாம். தஆலி என்றால் வா, ரூஹி என்றால் போ, ஜீபி என்றால் கொண்டு வா, கலாஸ் என்றால் முடிந்தது. ராத்திப் என்றால் சம்பளம். "அனா தஅபானா" என்றால் எனக்குக் களைப்பாக இருக்கிறது, முடியவில்லை என்று அர்த்தம். இதைக் கட்டாயம் படித்துக்கொண்டு போங்கள். பல வீடுகளில் வீட்டு அம்மாவை 'மாமா' என்றும் ஐயாவை 'பாபா' என்றும் கூப்பிட வேண்டும். ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட நம்ம பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்!

தேத்தண்ணி போடுவது நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அங்கே பால் சேர்க்காமல், சின்னக் கண்ணாடிக் கிளாசில், சீனி தூக்கலாகக் குடிப்பார்கள்.

கழுவும் மருந்துகளில் மிகக் கவனம் வேண்டும். குளோராக்ஸ் போத்தலையும் டொய்லட் கழுவும் அசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் நஞ்சுப் புகை கிளம்பி நெஞ்சை அடைக்கும். கண்ணாடி துடைக்கும் அமோனியா மருந்தோடு கலந்தாலும் இதே ஆபத்துத்தான். நல்லா வெளுக்கும் என்று யார் சொன்னாலும் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் உடனே அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க எட்டித் தொங்கவும் வேண்டாம்.

இனி சட்டம். குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கென்றே வந்தது. வேலை நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, இடையில் ஓய்வு வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் லீவு, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. பாஸ்போர்ட்டை எஜமான் பிடித்து வைப்பதும் தடை. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கதவுக்குள்ளே எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஆகவே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றிலும் போட்டோ கொப்பி எடுத்து ஒன்றை இங்கே வீட்டிலும் ஒன்றை உங்கள் உடுப்புப் பெட்டியிலும் வையுங்கள்.

போன புதிதில் உங்களை மருத்துவப் பரிசோதனைக்கும் கைரேகை வைக்கவும் கூட்டிப் போவார்கள். பயப்பட வேண்டாம், வதிவிட அனுமதிக்கான வேலைதான் அது. பிறகு சிவில் ஐடி அட்டை வரும். அது இல்லாமல் வெளியில் போனால் பொலிஸ் தொந்தரவு வரலாம்.

சம்பளம் கிடைத்த நாளையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் மாதச் சம்பளத்தை "பிறகு சேர்த்துத் தருகிறேன்" என்று சொன்னால் அமைதியாக, ஆனால் விடாமல் கேளுங்கள். முதல் மாதம் விட்டால் மூன்றாம் மாதம் கேட்பது கஷ்டம். புறப்படுமுன் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறப்பது நல்லது. புருஷன்மார் கோபிக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை அதிலிருந்து அனுப்பலாம்.

அடி உதை, பட்டினி, தகாத தொடுகை என்றால் பொறுத்துப் போகத் தேவையில்லை. ஆனால் தெருவில் இறங்கி, தெரியாத ஒருவர் காட்டும் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். தப்பி ஓடியவள் என்று எஜமான் முறைப்பாடு கொடுத்தால் நீங்களே சட்டத்துக்கு மாறானவர் ஆகிவிடுவீர்கள். நேரே இலங்கைத் தூதரகத்துக்குப் போங்கள், அங்கே தொழில் பிரிவு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 112ஐ அழுத்துங்கள்.

இங்கே இருக்கும் குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கூப்பிட்டு முறையிடலாம். அதற்கு அவளுடைய பாஸ்போர்ட் இலக்கம், எஜமானின் பெயர், ஏஜென்சியின் பெயர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். புறப்படும் நாளைக்கு முன்னமே ஒரு தாளில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுங்கள்.