கப்பி மீன் குட்டி போட்டுருச்சா? இனி என்ன செய்யலாம்?

மூன்று பெண் கப்பிகளை மட்டும் வாங்கினேன். ஆண் மீன் ஒன்றுகூட இல்லை. "குட்டி போடாது, தொல்லை இல்லை" என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. தொட்டியின் மூலையில் கண்ணும் வாலுமாகச் சின்னப் புள்ளிகள் ஓடின. எண்ணினேன். 14!

ஆண் இல்லாமல் எப்படி?

கப்பி முட்டையிடாது, நேராகக் குட்டி போடும். ஒருமுறை இணைசேர்ந்த பெண் மீன், விந்தணுவைப் பல மாதம் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்திருந்தால், நீங்கள் வாங்கி வருவது பெரும்பாலும் கருவுற்ற மீன்தான். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை 20, 30 என்று போடும்.

வயிற்றின் பின்பகுதியில் இருக்கும் கரும்புள்ளி அடர்த்தியாகி, உருண்டையான வயிறு பெட்டி மாதிரி ஆனால் நேரம் நெருங்கிவிட்டது.

அம்மாவே சாப்பிட்டுவிடும்!

ஆமாம், பெற்ற குஞ்சையே விழுங்கும். இதற்காகத் தாய் மீனைச் சின்னப் பெட்டியில் அடைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடம் போதாமல் மீன் மிரண்டுபோகும். ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டால் போதும், குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். சில மாட்டிக்கொள்ளும். பரவாயில்லை. ஒரு மீனுக்கு மாதம் 20 குஞ்சு, அதில் பாதி பெண், அவையும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடும்... கணக்குப் போட்டால் தலை சுற்றும். எல்லாவற்றையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்பதில்லை.

தண்ணீர்தான் முக்கியம்

"வாளியில் ஒரு ராத்திரி வெச்சா குளோரின் போயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரில் அது சரிப்படாது. நம் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமின் சேர்க்கிறது. அது ஒரே இரவில் ஆவியாகிப் போகாது. மனிதர்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் மீனின் செவுளைப் பாதிக்கும். பிறந்த குஞ்சு தாங்கவே தாங்காது. குளோரமினையும் நீக்கும் மருந்துதானா என்று போத்தலில் பார்த்து வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். வடிகட்டியின் வாய்க்குப் பஞ்சு கட்டுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகளை அது உறிஞ்சிவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை.

தீனியை மாவு மாதிரி நுணுக்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை ஒரு சிட்டிகை போடுங்கள். மிஞ்சினால் அழுகும், தண்ணீர் கெடும்.

ஆண், பெண் எப்போது தெரியும்?

மூன்று, நான்கு வாரத்தில். அடிப்பக்கத் துடுப்பு குச்சி மாதிரி நீண்டால் ஆண், விசிறி மாதிரி விரிந்தால் பெண். தெரிந்ததும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் அடுத்த தலைமுறை ஆரம்பம்!

மிச்சத்தை லோங்காங்கில் விடலாமா?

கூடாது. "அங்கேதான் ஏற்கெனவே கப்பி நிறைய இருக்கே" என்று தோன்றும். அவையும் இந்த மண்ணின் மீன் அல்ல, பூர்வீகம் தென்னமெரிக்கா. வீட்டுத் தொட்டி மீன் நோயைக் கொண்டுபோகலாம், உள்ளூர் மீன்களின் உணவைப் பறிக்கலாம். வடிகாலும் நீர்த்தேக்கமும் ஒன்றோடொன்று இணைந்தவை. இப்படி விலங்குகளை வெளியே விடுவது சட்டப்படி குற்றமும்கூட.

நண்பர்களுக்குக் கொடுங்கள். சில மீன் கடைகள் வாங்கிக்கொள்ளும், முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். என் 14 குஞ்சுகளில் 9 பிழைத்தன. ஐந்தை அலுவலக நண்பர் எடுத்துச் சென்றார், எல்லாமே ஆண். மிச்சம் நான்கும் பெண். அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன், கொஞ்சம் தாமதமாக. ஒன்றின் வயிறு இப்போது பெட்டி மாதிரி தெரிகிறது.