எரியாத விளக்கும் எச்சரிக்கையே!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே நெறி.

எண்ணெய் அழுத்த விளக்குள்ள வண்டியில், சாவியைத் திருப்பியதும் அச்சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும்.

ஓடும்போது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சமதரையில் வண்டியை நிமிர்த்தி எண்ணெயின் அளவைப் பாருங்கள். அளவு சரியாயிருப்பினும் ஓட்டாதீர்கள். ஒயரின் உறை உரிந்து இரும்பில் பட்டாலும் விளக்கு எரியும். எண்ணெய் பம்பு பழுதானாலும் எரியும். எதுவென்பதை மெக்கானிக் சோதித்தே சொல்ல இயலும். எண்ணெயின்றி எஞ்சின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

சாவியைத் திருப்பியும் எரியாத விளக்கோ அதனினும் ஆபத்தானது. பல்பு கருகியிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். எண்ணெய் வற்றினாலும் உங்களுக்குத் தெரியாது.

பிஸ்மில்லாஹ் கூறிப் புறப்படுமுன் அவ்விளக்கை ஒரு கணம் நோக்குங்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.